திருடன் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும்

(கொல்கத்தாவில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காரியதரிசி அவர்கள் எனக்கு 20 நிமிஷம் கொடுத்திருக்கிறார். 'ஏதாவது லைட்டாகப் பேசுங்கள், போன தடவை சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேச்சு வைத்து, அப்புறம் யாரும் அக்காரவடிசல் தொடவில்லை' என்றார். அதனால் துப்பறியும் கதையை எடுத்துக்கொண்டேன். ஆத்தில் தலைப்பைச் சொன்னதும் என் மனைவி, 'ஏன்னா, திருடன் கெட்டிக்காரனா இருக்கணும்னு மேடையேறிப் பேசப் போறேளா? பாங்க்ல இன்ஸ்பெக்‌ஷன் பண்ணின மனுஷர் பேசற பேச்சா இது?' என்று கேட்டாள். நியாயமான கேள்வி. இந்தப் பேச்சு முழுவதும் அவளுக்குச் சொல்லும் பதில் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இலக்கியம் படித்தவன் அல்ல. ஆனால் 60 வருஷமாகத் துப்பறியும் கதை படிக்கிறேன். 30 வருஷத்துக்கு மேல் கணக்குப் புத்தகங்களில் தப்புக் கண்டுபிடிப்பதே ஜீவனமாக இருந்தது. இந்த இரண்டும் ஓரிடத்தில் மோதி, நான் தலைகுனிந்த கதை ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சின்ன வயதில் 'ஒற்றையா இரட்டையா' விளையாடாதவர்கள் இந்தச் சபையில் இருக்க முடியாது. கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு கேட்போம். சரியாகச் சொன்னால் கொட்டை அவனுக்கு, தப்பினால் நமக்கு. வெறும் அதிர்ஷ்டம் என்று நினைத்துத்தான் விளையாடினோம். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ இதையே கோலிகுண்டு வைத்து 1844-ல் ஒரு கதையில் எழுதியிருக்கிறார். எட்டு வயதுப் பையன் ஒருவன் பள்ளிக்கூடத்திலிருந்த கோலிகளையெல்லாம் ஜெயித்துவிடுகிறான். எப்படி? எதிராளி அசடா, சுமாரா, கெட்டிக்காரனா என்று முதலில் அளக்கிறான். அசடன் முதல் தடவை இரட்டை வைத்தால் அடுத்த தடவை ஒற்றைக்கு மாறுவான். கொஞ்சம் விவரமானவன், 'மாற்றுவேன் என்று இவன் எதிர்பார்ப்பான், அதனால் மாற்றக்கூடாது' என்று யோசிப்பான். ஆக, அந்தப் பையன் எண்ணிப் பார்த்தது கோலியை அல்ல, எதிராளியின் புத்தியை.

'களவுபோன கடிதம்' என்ற அந்தக் கதையில் ஒரு மந்திரி, ராஜ குடும்பத்துப் பெண்மணியின் கடிதத்தைத் திருடிவிடுகிறார். திருடியவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கடிதம் எங்கே என்பதுதான் தெரியவில்லை. பாரிஸ் நகரப் போலீஸ் தலைவர் மூன்று மாதம் இரவு இரவாக அவர் வீட்டைச் சோதிக்கிறார். மெத்தையை ஊசியால் குத்திப் பார்க்கிறார், நாற்காலிக் கால்களைப் பூதக்கண்ணாடியால் பார்க்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. துப்பறியும் டுபான் வந்து கண்டுபிடிக்கிறார். கடிதம் அழுக்காக்கப்பட்டு, கிழிசலாக, எல்லோர் கண்ணிலும் படும்படி சாதாரணக் காகிதத் தட்டில் செருகியிருந்தது. போலீஸ் தலைவர் எங்கே கோட்டை விட்டார்? மந்திரி கவிதை எழுதுபவர், ஆகவே பாதி முட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார். அந்த அலட்சியத்தில்தான் தோற்றார்.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1841-ல், போ தம்முடைய முதல் துப்பறியும் கதையை எழுதினார். பூட்டிய அறை, இரண்டு கொலைகள். கொன்றவர் யார் என்று பார்த்தால், மனுஷரே இல்லை, ஒரு உராங்குட்டான் குரங்கு! கதை பிரமாதம்தான். ஆனால் படித்து முடித்ததும் 'அட, இவ்வளவுதானா' என்று ஒரு குறை தங்குகிறது. குரங்குக்கு நோக்கம் கிடையாது.  டுபான் ஒரு நிகழ்ச்சியை விளக்கினாரே தவிர, யாரையும் ஜெயிக்கவில்லை. மந்திரி கதையில் ஜெயித்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் என் தலைப்புக்கு அர்த்தம் விளங்கிவிடும்.

இப்போது ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வருவோம். 1891 முதல் 'ஸ்ட்ராண்ட்' பத்திரிகையில் வந்த சிறுகதைகளால்தான் அவர் புகழ் பரவியது. அந்த வரிசையின் முதல் கதையிலேயே ஐரீன் ஆட்லர் என்ற பெண்மணி அவரை ஏமாற்றிவிட்டுப் போய்விடுகிறாள். எழுத்தாளர் கானன் டாயில் ஏன் அப்படி ஆரம்பித்தார்? தோற்கக் கூடியவன் என்று தெரிந்தால்தான் அவன் ஜெயிக்கும்போது நமக்குச் சந்தோஷம். தோற்கவே மாட்டான் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் படிப்பதற்கு என்ன இருக்கிறது?

இரண்டரை வருஷத்தில் டாயிலுக்கு ஹோம்ஸ் அலுத்துப் போய்விட்டார். 1893 டிசம்பரில் அவரைத் தீர்த்துக்கட்ட முடிவு செய்தார். ஆனால் சாதாரண முடிச்சவிழ்க்கி ஒருவன் கத்தியால் குத்தி ஹோம்ஸ் செத்தார் என்று எழுத முடியுமா? அதற்காகவே புரொஃபசர் மொரியார்ட்டியை உண்டாக்கினார். கணித மேதை. 21 வயதில் ஈருறுப்புத் தேற்றத்தைப் பற்றிப் புத்தகம் எழுதி ஐரோப்பா முழுவதும் பெயர் வாங்கியவர். அந்தக் கதையின் ஆரம்பத்தில் ஹோம்ஸ் உள்ளே வந்ததும் ஜன்னல் கதவுகளைச் சாத்துகிறார், யாராவது சுட்டுவிடுவார்களோ என்று. ஹோம்ஸ் பயப்படுகிறார் என்பதைப் பார்த்ததும் நமக்கும் வயிற்றைப் பிசைகிறது. மொரியார்ட்டி நேரே வந்து நிற்பது அந்த ஒரே கதையில்தான். ஆனால் 130 வருஷத்துக்கு மேலாகியும் ஹோம்ஸ் என்றால் மொரியார்ட்டி என்று உலகம் சொல்கிறது. துப்பறிபவரின் உயரத்தை அளக்க எதிரே ஓர் ஆள் நிற்க வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள். பலவானோடு மோதினால்தான் பயில்வானுக்குப் பெருமை. ஆனால் விஷயம் அத்துடன் முடியவில்லை. கெட்டிக்கார வில்லன் காரியத்தைக் கஷ்டமாக்குகிறான் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி, அவனுடைய கெட்டிக்காரத்தனம்தான் துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம்.

உதாரணமாக, 1892-ல் வந்த 'புள்ளிப் பட்டை' கதை. அதில் வரும் டாக்டர் ராய்லட் நம்ம கல்கத்தாவில் பிராக்டீஸ் செய்தவர். (நல்லவேளை, இப்போது இல்லை.) பூட்டிய அறைக்குள் ஒரு பெண் செத்துப்போகிறாள். அவள் சகோதரியின் உயிருக்கும் ஆபத்து. ஹோம்ஸ் அறையைப் பார்க்கிறார். அழைப்பு மணிக்குக் கயிறு தொங்குகிறது, இழுத்தால் மணி அடிக்கவில்லை. காற்றுக்காகத் துவாரம் வைத்திருக்கிறது, ஆனால் வெளியே திறக்காமல் பக்கத்து அறைக்குத் திறக்கிறது. கட்டிலை நகர்த்த முடியாமல் தரையோடு அறைந்திருக்கிறது. மூன்றும் டாக்டர் யோசித்து யோசித்துச் செய்த ஏற்பாடு. அவர் யோசித்ததால்தான் ஹோம்ஸால் பின்னாலிருந்து யோசிக்க முடிந்தது. முரடன் ஒருவன் ஜன்னலை உடைத்துக் கழுத்தை நெரித்திருந்தால் ஹோம்ஸுக்கு அங்கே வேலையில்லை, உள்ளூர்க் கான்ஸ்டபிள் போதும். புத்தி வேலை செய்த இடத்தில் 'ஏன்?' என்று கேட்கலாம். புத்தியே இல்லாத இடத்தில் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

நம் தேவன் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வை நினைத்துப் பாருங்கள். சாம்பு தெரியாமல் கால் தடுக்கி விழுவார், திருடன் அகப்படுவான். விழுந்து விழுந்து சிரிக்கிறோம். ஏன் சிரிக்கிறோம்? புத்திக்குப் புத்தி என்ற கணக்கை தேவன் வேண்டுமென்றே கவிழ்த்துவிட்டார் என்பதால். கணக்கு இருந்தால்தானே கவிழ்க்க முடியும்?

நாம் வசிக்கும் இந்த ஊருக்கு வருகிறேன். சரதிந்து பந்தோபாத்யாயின் பியோம்கேஷ் பக்ஷியை 1993-ல் தூர்தர்ஷனில் ரஜித் கபூர் உருவத்தில் நாம் எல்லோரும் பார்த்தோம். எந்த ஊரில் இருந்தாலும் அந்த நேரத்தில் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். பியோம்கேஷும் அஜித்தும் முதலில் சந்திக்கும் 'சத்யான்வேஷி' கதை ஒரு மெஸ்ஸில் நடக்கிறது. மெஸ்ஸை நடத்துகிற ஹோமியோபதி டாக்டர் அனுகூல் பாபு அமைதியானவர், ஏழைகளுக்கு மருந்து கொடுப்பவர். எல்லோருக்கும் அவர் மேல் மரியாதை. கதையைப் படிக்காதவர்களுக்காக மேலே சொல்லாமல் விடுகிறேன். ஆனால் நான் பேசும் விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் இப்போதே ஊகித்திருப்பீர்கள்!

சத்யஜித் ராயின் ஃபெலுதாவுக்குக் காசியில் மகன்லால் மேக்ராஜ் வாய்த்தான். 1979-ல் வந்த படத்தில் உத்பல் தத் நடித்தார். அவன் ஃபெலுதாவை உபசாரமாக வீட்டுக்கு அழைத்து, கூட வந்த அப்பாவி எழுத்தாளர் லால்மோகன் பாபுவைப் பலகை முன் நிறுத்தி, ஒரு கிழவனை விட்டுச் சுற்றிலும் கத்தி வீசச் செய்கிறான். ஃபெலுதாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அன்றைக்குப் பட்ட அவமானம்தான் மிச்சக் கதையை நடத்துகிறது.

இப்போது என் கதை.

1980-களின் நடுவில், நான் வேலை பார்த்த வங்கியில் இன்ஸ்பெக்‌ஷன் அதிகாரி. வங்கியின் பெயர் வேண்டாம். கல்கத்தாவிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு கிளை. அங்கே சேவிங்ஸ் லெட்ஜர் பார்க்கும் குமாஸ்தா ஒருவர். எந்த ஊர், என்ன பாஷை என்று கேட்காதீர்கள். நம்மைப் போலப் படித்தவர், மரியாதை தெரிந்தவர், முத்து முத்தான கையெழுத்து. நான் போகும்போதெல்லாம் அவர் லெட்ஜரில் இரண்டு மூன்று சின்னப் பிழைகள் கிடைக்கும். ஓரிடத்தில் இனிஷியல் விட்டுப் போயிருக்கும், ஓரிடத்தில் கூட்டலில் ஐந்து ரூபாய் உதைக்கும். நான் சுட்டிக்காட்டினால், 'உங்கள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது சார்' என்பார். எனக்குப் பெருமையாக இருக்கும். பிழைகளை எழுதிக்கொண்டு லெட்ஜரை மூடிவிடுவேன்.

ஒரு நாள் ஒரு வயதான விதவை அம்மாள் மகனோடு பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்தார். பல வருஷமாகத் தொடாத கணக்கு. பாஸ்புக்கில் 6,200 ரூபாய், லெட்ஜரில் 200. விசாரிக்க என்னை அனுப்பினார்கள். பணம் எடுத்த ஸ்லிப்பில் இருந்த கையெழுத்தை மாதிரிக் கையெழுத்துக் கார்டோடு ஒப்பிட்டேன். அச்சாக ஒத்திருந்தது. அம்மாளை ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். கை நடுங்கியது, வேறு மாதிரி வந்தது. வயதானால் கையெழுத்து மாறும் என்று எழுதிக்கொண்டேன். காஷியரைக் கேட்டேன். 'டோக்கனைக் கொடுத்துப் பணம் வாங்கினது நம்ம பியூன்தான்' என்றார்.

பியூனைக் கூப்பிட்டேன். 'லெட்ஜர் பாபுதான் டோக்கனைக் கொடுத்தார். ஒரு மா வெளியே ரிக்‌ஷாவில் உட்கார்ந்திருக்கிறார், இறங்க முடியவில்லை, நீ வாங்கி வா என்றார். வாங்கி அவர் கையில் கொடுத்தேன்' என்றார். நான் நம்பவில்லை. குமாஸ்தாவோ என்னிடம் வந்து, 'பாவம் சார், ஏழை, ஏதோ கஷ்டத்தில் செய்திருப்பான், வேலையை மட்டும் பறித்துவிடாதீர்கள்' என்று அவருக்காகப் பரிந்து பேசினார். என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். கிழவியை ஏமாற்றிப் பியூன் கையெழுத்து வாங்கிவிட்டான் என்று அறிக்கை கொடுத்தேன். அவரை சஸ்பெண்ட் செய்தார்கள்.

எட்டு மாதம் கழித்து மறுபடி அதே கிளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். இந்தத் தடவை என்னோடு புதிதாகச் சேர்ந்த இளம் அதிகாரி ஒருவர், வங்காளிப் பெண். வழக்கம்போல நான் மூன்று பிழைகளைக் கண்டுபிடித்துக் காட்டினேன். அவர் லெட்ஜரை முன்னும் பின்னுமாகப் புரட்டிவிட்டு என்னைக் கேட்டார்: 'சார், மற்ற மாதங்களில் இவர் ஒரு புள்ளிகூடத் தப்பு விடவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் வரும் மாதத்தில் மட்டும் ஏன் மூன்று தப்பு? நமக்காக வைக்கிறாரோ?'

எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் வயிற்றில் ஏதோ புரண்டது. அவர் மேலே கேட்டார்: 'அப்படியானால், எதைப் பார்க்கக்கூடாது என்று வைக்கிறார்?'

நேரே கையெழுத்துக் கார்டுப் பெட்டிக்குப் போனார். செயலற்ற பழைய கணக்குகளின் கார்டுகளைத் தனியாக எடுத்து மேஜையில் பரப்பினார். எல்லாம் பழுப்பேறியிருந்தன. ஏழு கார்டுகள் மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தன. குமாஸ்தா பழைய கார்டுகளை எடுத்துவிட்டு, தாமே கையெழுத்துப் போட்டுப் புதுக் கார்டுகளை வைத்திருந்தார். ஸ்லிப்பிலும் அவர் கையெழுத்து, கார்டிலும் அவர் கையெழுத்து. ஒத்துப் போகாமல் என்ன செய்யும்? ஏழில் ஒன்று அந்த அம்மாளின் கார்டு. நான் எட்டு மாதம் முன்பு கையில் வைத்துக்கொண்டு பார்த்த அதே கார்டு.

அப்புறம் துறை விசாரணை, போலீஸ் எல்லாம் நடந்தது. அம்மாளுக்கு வங்கி பணத்தைக் கொடுத்தது. பியூனுக்குச் சம்பள பாக்கியோடு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த எட்டு மாதத்தில் அவருடைய மூத்த பையன் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குப் போயிருந்தான். திரும்பப் படிக்கப் போகவில்லை. அந்த வருஷத்தை எந்த பாக்கியிலும் சேர்த்துக் கொடுக்க முடியவில்லை.

ரயிலில் திரும்பும்போது அந்தப் பெண்ணைக் கேட்டேன், 'எப்படியம்மா தோன்றிற்று?' என்று. 'சார், நான் சின்ன வயசிலிருந்து பியோம்கேஷ் படிக்கிறேன். அனுகூல் டாக்டரைத் தெரிந்தவர்கள், இவர் நல்லவராகத் தெரிகிறார் என்பதோடு விட்டுவிட மாட்டோம்' என்றார். நானும் அதையெல்லாம் படித்தவன்தான். ஆனால் கதையைக் கதையாகவும் ஆபீஸை ஆபீஸாகவும் வைத்திருந்தேன். நிஜத்தில் திருடுபவன் அசடனாக, ஏழையாக, பார்த்தாலே தெரிகிறவனாக இருப்பான் என்று எனக்குள் ஒரு நினைப்பு. போவின் போலீஸ் தலைவர் கவிஞர்களை அலட்சியம் செய்து கோட்டை விட்டார். நான் ஒரு பியூனின் வார்த்தையை அலட்சியம் செய்து கோட்டை விட்டேன். அவருடைய தவறால் ஒரு கடிதம்தான் கிடைக்காமல் போயிற்று. என் தவறால் ஒரு குடும்பம் கஷ்டப்பட்டது.

இப்போது என் மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். கெட்டிக்கார வில்லனைப் படிப்பது அவனை மெச்சுவதற்காக அல்ல. அசட்டு வில்லன் வரும் கதை நமக்கு ஒரு பொய்யைச் சொல்லிக் கொடுக்கிறது. கெட்டவனுக்கு மூஞ்சியிலேயே எழுதியிருக்கும் என்கிறது. கெட்டிக்கார வில்லன் வரும் கதை அந்தப் பொய்யை உடைக்கிறது. 1929-ல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் எழுதினார். முதல் விதி, குற்றவாளி கதையின் ஆரம்பத்திலேயே வந்துவிட வேண்டும் என்பது. அதாவது அவன் நம் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருக்க வேண்டும், நமக்கும் அவனைப் பிடித்துப் போயிருக்க வேண்டும். அப்படி மறைந்திருக்க அவனுக்குப் புத்தி வேண்டாமா?

செஸ்டர்டன் படைத்த ஃபாதர் பிரௌன் என்ற துப்பறியும் பாதிரியார், தம் வெற்றியின் ரகசியத்தைச் சொல்லும்போது, அந்தக் கொலைகளையெல்லாம் தாமே செய்ததாகச் சொல்கிறார். கேட்டவர் திடுக்கிடுகிறார். அவர் சொன்னதன் அர்த்தம், கொலைகாரனின் மனசு தம்முடைய மனசாகும் வரை உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தேன் என்பதுதான். 'நானாக இருந்தால் எப்படிச் செய்திருப்பேன்?' என்று கேட்க அடக்கம் வேண்டும். 'இவனுக்கு என்ன தெரியும்' என்று நினைப்பவனால் அப்படிக் கேட்க முடியாது. நமக்கு இது புதிதில்லை. சுந்தர காண்டத்தில் ஹனுமான் ராவணனை நேரே பார்த்தபோது, அவன் தேஜஸைக் கண்டு பிரமித்தார். அதர்மம் மட்டும் இல்லாவிட்டால் இவன் தேவலோகத்தையே காக்கத் தகுந்தவன் என்று நினைத்தார். அப்படி நினைத்ததால் அவர் கொண்டுபோன காரியத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

கடைசியாக ஒரு வார்த்தை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியைப் பற்றி எச்சரித்தார். சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. ஆனாலும் போலீஸ் உடையில் வீடியோவில் வந்து மிரட்டுபவர்களிடம், படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் பணத்தைப் பறிகொடுத்திருக்கிறார்கள். 'என்னையெல்லாம் எவன் ஏமாற்ற முடியும்?' என்று சொல்லும் வயது நமக்கெல்லாம் வந்துவிட்டது. தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். எதிராளிக்கும் புத்தி உண்டு, நம்மைவிடக் கூடவே இருக்கலாம் என்று வைத்துக்கொண்டு, போனை வைத்துவிட்டு ஆத்தில் நாலு பேரைக் கேளுங்கள். பேரன் பேத்திகள் துப்பறியும் கதை படித்தால் பிடுங்காதீர்கள். முடிந்தால் நீங்களும் வாங்கிப் படியுங்கள்.

அந்தக் கிளைக்கு அதற்கப்புறம் ஒரு தடவை போனேன். பியூன் எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார். எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். 'பாபு, டீ ஆறிவிடும்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

20 நிமிஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டேன். அக்காரவடிசல் தயாராக இருக்கிறதாம்.